வலைக்குழலும் அதனை ஏற்றிச் செல்லும் கருவியும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்துரைத்தார். நோயாளன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்பன அவை. இந்நான்கனுள் கருவிக்குத் தனியிடம் இல்லை. அக்காலத்துக் கருவி வைத்தியனின் கையோடு கையாக அடங்கியிருந்தது. இக்காலத்திலோ, அது தொலைநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிற் பிறந்து, கடல் கடந்து வந்து, தன்னை ஆக்கியோர் என்றும் கண்டறியாத ஒருவரின் உடலினுட் புகுகின்றது. ஆதலால், விளையும் நன்மை தீமைகளை வைத்தியரின் திறமையின்மீது மட்டும் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. கருவியை ஐந்தாம் உறுப்பாகக் கொண்டு ஆராய்தல் நம் கடன்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் 'ஸ்டென்ட்' என்னும் சொல்லை அறியாத இல்லங்கள் இன்று மிகச் சிலவே. இதயநோயுற்றவரின் சுற்றத்தார், அஃது எந்நாட்டில் ஆக்கப்பட்டது, என்ன விலை, மருந்து பூசப்பட்டதா என்றெல்லாம் வினவுகின்றனர். அது மணிக்கட்டிலிருந்து இதயம்வரை எவ்வாறு செல்கின்றது, செல்லும் வழியில் என்ன இடர் நேரலாம் என்று வினவுவோர் அரியர். ஸ்டென்ட்டின் பாதுகாப்பிற் பெரும்பகுதி அதனை ஏற்றிச் செல்லும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. அவ்வமைப்போ, நேர்ந்த குறைகளை மறையாது எடுத்துரைத்தமையாலேயே படிப்படியாகத் திருந்தி வந்தது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். இதயத் தசைக்குக் குருதி வழங்குவன முடியுரு நாடிகள். அவற்றின் பெருங்கிளைகளின் உள்விட்டம் பெரும்பாலும் 2.5 முதல் 4 மில்லிமீற்றர் வரையிலாகும். நாடிச் சுவரிற் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி ஒடுங்கினால் நெஞ்சுநோவு உண்டாகும். படிவு வெடித்துக் குருதி உறைந்து வழி அடைபட்டால் மாரடைப்பு உண்டாகும். ஒடுங்கிய வழியை உள்ளிருந்து விரித்து, மீண்டும் ஒடுங்காதவாறு தாங்கி நிற்கும் நுண்ணிய உலோக வலைக்குழலே ஸ்டென்ட் எனப்படுவது. இச்சொல்லின் வரலாறு வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த சார்ள்ஸ் ஸ்டென்ட் என்னும் பல்வைத்தியர், பல்லின் அச்சு எடுப்பதற்கான கலவை ஒன்றை ஆக்கினார். அவர் பெயர் முதலில் அக்கலவைக்கும், பின்னர் இழையங்களைத் தாங்கி நிறுத்தும் பொருள்களுக்கும், ஈற்றில் இவ்வலைக்குழலுக்கும் ஆகிவந்தது.

நாடியை உள்ளிருந்தே விரிக்கலாம் என்பதை முதலிற் செய்து காட்டியவர் அமெரிக்க வைத்தியரான சார்ள்ஸ் டொற்றர். 1964ஆம் ஆண்டு சனவரியில், காலை வெட்டி அகற்றச் சம்மதியாத 82 வயது மூதாட்டி ஒருவரின் கால் நாடியை, ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களைச் செலுத்தி அவர் விரித்தார். 1969இல் நாய்களின் நாடிகளிற் சுருட்கம்பிகளை வைத்தும் ஆராய்ந்தார். 1977ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், அந்திரேயாஸ் குருன்சிக் என்பார் முடியுரு நாடியினுட் சிறு பலூனைச் செலுத்தி விரித்தார். ஆயின் பலூனை வெளியே எடுத்தபின் சில நாடிகள் உடனே மடிந்து அடைத்தன. வேறு சில, திங்கள் சில கழிய மீண்டும் ஒடுங்கின. இக்குறையைப் போக்கும்பொருட்டு, 1986ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல் மனித முடியுரு நாடியில் முதல் வலைக்குழலை வைத்தார். அவ்வாண்டிலேயே சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிச் சிக்வார்ட் என்பாரும் அதனைச் செய்தார்.

இவர்கள் வைத்தது தானே விரியும் வகையைச் சேர்ந்தது. ஆர்சென்ரீனாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஹூலியோ பால்மாஸ் வேறொரு வழியைக் கண்டார். கொத்தன் ஒருவன் விட்டுச்சென்ற, சாந்து பூசுவதற்கான உலோக வலைத்துண்டு அவர் கண்ணிற் பட்டது. வெட்டுகள் இடப்பட்ட தகட்டை இழுத்தால் அது வலையாக விரிந்து, விரிந்த நிலையிலேயே நிற்பதை அவர் நோக்கினார். பலூனால் விரிக்கப்படும் வலைக்குழல் இவ்வெண்ணத்தினின்றே தோன்றியது. பௌதிகவியல் பயிலும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். மீள்தன்மை எல்லையைக் கடந்து விரிக்கப்பட்ட உலோகம் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. பலூன் நீங்கிய பின்னும் குழல் விரிந்தே நிற்பதற்குக் காரணம் இதுவே.

இனி, அது செல்லும் முறையைக் காண்போம். மணிக்கட்டு நாடியிலோ தொடை நாடியிலோ சிறு துளையிட்டு, வழிநடத்து குழாய் ஒன்றை இதயத்தின் வாயில்வரை செலுத்துவர். அதனூடே 0.36 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி ஒன்று ஒடுக்கத்தைக் கடந்து அப்பாற் செல்லும். அக்கம்பியின்மீது, நூலிற் கோத்த மணிபோல, செலுத்துகுழாய் வழுக்கிச் செல்லும். செலுத்துகுழாயின் நுனியில் மடித்துச் சுற்றிய பலூன் உண்டு. பலூனின்மீது வலைக்குழல் இறுகப் பொருந்தியிருக்கும். பலூனின் இருபுறத்தும் பிளாற்றினமும் இரிடியமும் கலந்த சிறு வளையங்கள் உள. எக்ஸ் கதிர்த் திரையில் வைத்தியருக்கு எல்லைக்கற்களாய்த் தோன்றுவன இவையே. குழலை உரிய இடத்தில் நிறுத்தியபின், வெளியிலிருந்து திரவத்தைச் செலுத்திப் பலூனை விரிப்பர். பின்னர் திரவத்தை உறிஞ்சிப் பலூனைச் சுருக்கி வெளியே எடுப்பர்.

ஆடிவேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குத் தேர் செல்வதைக் கண்டோர் ஒன்றை அறிவர். தேர் நிலையில் நிற்கும்போது அச்சமில்லை. சேரிடம் சேர்ந்தபின்னும் அச்சமில்லை. மூலை திரும்புமிடத்தும் நெரிசலான இடத்தும் நிறுத்த வேண்டிய நொடியிலுமே இழுப்போருக்கும் முட்டுக்கொடுப்போருக்கும் கவலை. வலைக்குழலின் செலவும் இத்தகையதே. அது நாடியில் நிற்பது பல்லாண்டு. செல்வதும் விரிவதும் சில நிமிடம். அச்சில நிமிடங்களில் நேரக்கூடிய இடர்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றுக்கு முன்னரே விடை கண்டு வைப்பதே கருவியமைப்போரின் தொழில்.

முதலாவது இடர், வலைக்குழல் பலூனினின்று கழன்றுவிடுதல். தொடக்க காலத்தில் வைத்தியர்கள் தம் விரல்களாலேயே குழலைப் பலூன்மீது அழுத்திப் பொருத்தினர். விரலின் அழுத்தம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை வேறுபடுமன்றோ? வளைவிலோ சுண்ணம் படிந்த சுவரிலோ தட்டுண்டு சில குழல்கள் கழன்று குருதியோட்டத்திற் சென்றன. இதற்கு விடையாக, தொழிற்சாலையிலேயே பொறியினால் எப்புறத்தும் சமமாக அழுத்திப் பொருத்தும் முறை வந்தது. மடிந்த பலூனின் பகுதிகள் வலையின் இடைவெளிகளிற் சிறிது பதியுமாறும் செய்தனர். ஒரு குழலைக் கழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பதை வகைதோறும் அளந்து பார்ப்பது இன்று கட்டாயமான சோதனைகளுள் ஒன்று. இவ்விடர் இக்காலத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கின்றது. கைத்திறனை நம்பியிருந்த ஒரு செயலைக் கருவியின் அமைப்பினுள் அடக்கியமையே இதன் சிறப்பு.

இரண்டாவது இடர், குழல் முற்றாக விரியாது நிற்றல். 1991இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று, தானே விரியும் வலைக்குழல் வைக்கப்பெற்ற 105 நோயாளருள் 25 பேருக்குக் குழல் முற்றாக அடைபட்டதை ஒளியாது வெளியிட்டது. அவற்றுட் பெரும்பாலானவை முதலிரு கிழமைகளுள் நேர்ந்தவை. குருதி உறைதலைத் தடுக்கக் கடுமையான மருந்துகள் பல ஒருங்கே கொடுக்கப்பட்டன. அவற்றாற் குருதிப்போக்கு உண்டாயிற்று. அப்பொழுது இத்தாலியில் ஒரு வைத்தியர், நாடியினுள்ளே நுண்ணிய மீயொலிக் கருவியைச் செலுத்திப் பார்த்தார். எக்ஸ் கதிர்ப் படத்தில் நன்கு விரிந்ததாகத் தோன்றிய குழல்கள் பல, உண்மையிற் சுவரோடு ஒட்டாது நிற்பதைக் கண்டார். அவர் பெயர் அந்தோனியோ கொழும்போ. நம் நகரின் பெயரே அவர் பெயராக அமைந்தது இனிய தற்செயல். உயர்ந்த அமுக்கத்தில் பலூனை விரித்துக் குழலைச் சுவரோடு பொருத்தினால் அக்கடும் மருந்துகள் வேண்டாம் என்பதை 1995இல் அவர் எடுத்துக்காட்டினார். அசுப்பிரினோடு குருதிச் சிறுதட்டுகளைத் தடுக்கும் வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறை அக்காலத்தில் வேரூன்றியது.

உயர்ந்த அமுக்கம் என்றேம். மோட்டார் வண்டிச் சில்லின் காற்றமுக்கம் ஏறக்குறைய 2 வளிமண்டலம். இச்சிறு பலூனினுள்ளோ 12 முதல் 16 வளிமண்டலம்வரை அமுக்கம் செலுத்தப்படுகின்றது. ஆகையாற் பலூன் வெடித்தல் மூன்றாவது இடராகும். இதனைக் கருதியே பலூனிற் காற்றை நிரப்புவதில்லை. அமுக்கப்பட்ட வாயு வெடிக்கும்போது பெருவிசையோடு விரியும். குமிழியாகி நாடியையும் அடைக்கும். திரவமோ அமுக்கத்தாற் பெரிதும் சுருங்காதது. ஆதலின் வெடித்தாலும் விரிவு சிறிதே. அத்திரவத்தில் எக்ஸ் கதிரிற் புலப்படும் மருந்தைக் கலப்பதால், பலூன் விரிவதையும் கண்ணாற் காணலாம். ஒவ்வொரு பலூனின் உறையிலும் ஓர் அமுக்க எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெல்லைவரை, ஆயிரம் பலூன்களுள் 999 வெடியா என்பதை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சோதனையாற் காட்டிய பின்னரே அவ்வெண் பொறிக்கப்படும். கணிதம் கற்கும் மாணவர், நிகழ்தகவு என்னும் பாடம் உயிர் காக்கும் இடம் இது என்று அறிக.

நான்காவது இடரே இக்கட்டுரைக்கு நடுநாயகமானது. பலூன் விரிந்து நிற்கும்வரை அந்நாடியிற் குருதி ஓடாது. ஆதலின் பலூன் விரிவதைப்போலவே விரைந்து சுருங்கவும் வேண்டும். 2004ஆம் ஆண்டு யூலையில், அமெரிக்காவின் பாஸ்டன் சயன்டிபிக் நிறுவனம் தன் மருந்து பூசிய வலைக்குழல் தொகுதிகளுள் ஏறக்குறைய 85,000ஐயும், மருந்து பூசாதவற்றுள் ஏறக்குறைய 11,000ஐயும் திருப்பி அழைத்தது. சிலவற்றிற் பலூன் சுருங்க மறுத்தமையே காரணம். மூன்று மரணங்கள் இக்குறையோடு தொடர்புபடுத்தப்பட்டன. வலைக்குழலில் யாதொரு பழுதும் இல்லை; அதன்மேற் பூசிய மருந்திலும் பழுதில்லை. ஏற்றிச் சென்ற செலுத்துகுழாயின் தண்டில் ஓரிடத்தில் உட்டுளை ஒடுங்கியமையே கேட்டுக்கு மூலமாயிற்று.

மயிரிழை போன்ற ஓர் ஒடுக்கம் இத்துணைத் தீங்கு விளைத்தல் எங்ஙனம்? இரண்டு விதிகள் இதனை விளக்கும். திரவத்தை உட்செலுத்தும்போது 16 வளிமண்டல அமுக்கத்தையும் பயன்படுத்தலாம். வெளியே உறிஞ்சும்போதோ, வெற்றிடத்தால் நமக்குக் கிடைக்கும் அமுக்க வேறுபாடு ஏறக்குறைய ஒரு வளிமண்டலமே. அதற்குமேற் பெற எவராலும் இயலாது. இஃது ஒன்று. குழாயினூடே பாயும் திரவத்தின் அளவு ஆரையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமமானது என்பது புவாசேயின் விதி. ஆரை பாதியாயின் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகும். இஃது இரண்டு. இவை ஒன்று சேருமிடத்து, உட்செல்லும்போது வைத்தியர் சிறிதும் உணராத ஒடுக்கம், வெளிவரும்போது உயிரோடு விளையாடுகின்றது. விரியும் வேகத்தைச் சோதித்தது போதாது. சுருங்கும் வேகத்தையும் ஒவ்வொரு கருவியிலும் சோதித்தல் வேண்டும் என்னும் படிப்பினை இதனாற் பெறப்பட்டது. வலைக்குழல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 25539 என்னும் உலகத் தரவிதியின் இரண்டாம் பகுதி, குழலோடு அதனைச் செலுத்தும் தொகுதியையும் சேர்த்தே சோதிக்குமாறு விதிக்கின்றது.

ஐந்தாவது இடர், நன்மைக்காகச் செய்த ஒன்றிலிருந்தே பிறந்தது. செலுத்துகுழாய்களும் கம்பிகளும் உராய்வின்றி வழுக்கிச் செல்லும்பொருட்டு அவற்றின்மேல் நீரில் வழுவழுக்கும் பூச்சுப் பூசுவர். சிலவற்றில் அப்பூச்சு உரிந்து குருதியிற் கலந்தமை பற்றி 2015இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. உராய்வைக் குறைத்தால் நாடிச்சுவர் காயமுறாது. பூச்சு மிகுந்தால் அது கழலும் அச்சம் உண்டு. ஒன்றைத் திருத்தப் புகுந்தால் மற்றொன்று தலைதூக்கும் என்பதைக் கருவியமைப்போர் என்றும் மறத்தலாகாது.

கருவி மெலிந்ததனால் விளைந்த நன்மையையும் ஈண்டுக் கூறுதல் தகும். பருத்த கருவிகள் தொடை நாடி வழியே சென்ற காலத்தில், அத்துளையினின்று உண்டாகும் குருதிப்போக்கே பலருக்குத் துன்பமாயிற்று. 1989இல் கனடாவின் லூசியன் கம்போ மணிக்கட்டு வழியாக முடியுரு நாடிகளைப் படம்பிடித்தார். 1992இல் ஒல்லாந்தின் பெர்டினன்ட் கீமனே அவ்வழியே சிகிச்சையும் செய்தார். மணிக்கட்டு நாடி எலும்பின்மேல் ஓடுவது. விரலால் அழுத்தினாலே குருதி நிற்கும். 2 மில்லிமீற்றர் தடிப்புக்குட் கருவிகள் அடங்கிய பின்னரே இவ்வழி பொதுவழியாயிற்று. கருவியின் தடிப்பைக் குறைத்தவர், நோயாளி எழுந்து நடக்கும் நேரத்தையும் முந்தச் செய்தார்.

வலையின் இழைகளிலும் இதுவே உண்மை. மருந்து பூசிய முதல் வலைக்குழலின் இழை ஏறக்குறைய 140 மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. கோபால்ற்றும் குரோமியமும் கலந்த உலோகம் உருக்கினும் வலியதாகையால், 60 முதல் 80 மைக்கிரோமீற்றர் தடிப்பே பின்னர் போதுமானதாயிற்று. இது நம் தலைமயிரின் தடிப்பையொத்தது. மெல்லிய இழையைச் சுற்றிக் குருதி தடையின்றி ஓடும். நாடியின் உட்படலமும் அதனை விரைந்து மூடும். இதற்கு மாறாக, சில ஆண்டுகளில் உடலிலேயே கரைந்துபோகும் வலைக்குழல் ஒன்று பெரும் ஆரவாரத்தோடு வந்தது. 2016இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற அதன் விற்பனை 2017இல் நிறுத்தப்பட்டது. அதன் இழை ஏறக்குறைய 150 மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. குருதி உறைதலும் அதில் மிகுதியாகக் காணப்பட்டது. புதுமை வேறு, பாதுகாப்பு வேறு என்பதற்கு இது தக்க சான்று.

இத்தொழில் மேலைநாட்டார்க்கே உரியது என்று எண்ணவேண்டா. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையத்தில் பேராசிரியர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு ஒன்றை ஆக்கப் புகுந்தோர், முதல் மூன்று மாதிரிகளையும் சோதனையிற் கண்ட குறைகளாற் கைவிட்டனர். நான்காவது மாதிரியே 1990ஆம் ஆண்டு டிசெம்பரில் மனித இதயத்திற் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அதனைப் பெருக்கி ஆக்க, இன்று ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனாற் பயன்பெற்றுள்ளனர். ஆய்வுகூடத்திற் பெற்ற தோல்விகளே நோயாளரைக் காத்தன. நம் தீவுக்கு எதிர்க்கரையான இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம், ஐதராபாத்தில் இதயநோய் வைத்தியர் சோமராஜுவோடு சேர்ந்து, 1990களில் குறைந்த விலையில் ஒரு வலைக்குழலை உருவாக்கினார். ஏவுகணைக்காகப் பெற்ற உலோக அறிவு இதயத்துக்கும் உதவியது. பின்னர் சூரத் நகரில் ஆக்கப்பட்ட 60 மைக்கிரோமீற்றர் இழையுடைய வலைக்குழல், ஏழு ஐரோப்பிய நாடுகளில் 1,435 நோயாளரிடம், முன்னணியில் நின்ற வலைக்குழல் ஒன்றோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. அதற்கு இது தாழ்ந்ததன்று என்னும் முடிவு 2019இல் வெளிவந்தது.

இந்திய அரசு 2017ஆம் ஆண்டு பெப்ருவரியில், மருந்து பூசிய வலைக்குழலுக்கு 29,600 ரூபாவும், பூசாததற்கு 7,260 ரூபாவும் உச்சவிலையாக வகுத்தது. எளியோர்க்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் விலையை மட்டும் நோக்கும் நாடு பாதி வழியே சென்றதாகும். குறைந்த விலையும் நிறைந்த சோதனையும் ஒருங்கே அமைதல் கூடும் என்பதைச் சூரத் வலைக்குழல் காட்டிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிய நாடு இது. நல்ல மருந்தை நியாய விலைக்கு வாங்கும் கலையை உலகுக்குக் கற்பித்த பெருமை நமக்குண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு, மருந்துகளோடு மருத்துவக் கருவிகளையும் பதிவுசெய்து கண்காணிக்கும் பொறுப்பு வழங்கப்பட்டுள்ளது. சட்டம் இருப்பது நன்று. எனினும் சட்டத்துக்குக் கண்ணாய் அமைவது, கருவியைக் கையாள்வோர் அனுப்பும் அறிக்கையே. பலூன் சுருங்கத் தாமதித்தது, குழல் வழியிற் சிக்கியது, பூச்சு உரிந்தது என்னும் சிறு செய்திகளை, 'நோயாளிக்குத் தீங்கு நேரவில்லையே' என்று விட்டுவிடுதல் எளிது. 2004ஆம் ஆண்டில் வெவ்வேறு மருத்துவமனைகளில் நேர்ந்தவை தனித்தனியே மறைந்திருப்பின், ஒன்றோடொன்று சேர்த்துக் குறையின் உருவத்தைக் கண்டிருக்க இயலாது. அறிக்கை எழுதும் வைத்தியரும் தாதியும் பழிக்கப்படாமல், நன்றிக்குரியோராக மதிக்கப்படும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் வளர்தல் வேண்டும்.

பொதுமக்கள் செய்யத்தக்கனவும் உள. ஒவ்வொரு வலைக்குழற் பெட்டியிலும் அதன் வகை, அளவு, தொகுதி எண் என்பவை பொறித்த ஒட்டுச்சீட்டு உண்டு. குறையுடைய தொகுதி திருப்பி அழைக்கப்படுமாயின், யார் உடலில் அஃது உள்ளது என்பதை அறிவிப்பது அவ்வெண்ணே. அதனைத் தம் மருத்துவக் குறிப்பில் ஒட்டித் தருமாறு கேட்டுப் பெற்று, காணியுறுதியைப் பேணுமாறு பேணுதல் வேண்டும். சிறுதட்டு மருந்துகளை வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது. பல் பிடுங்கப் போனாலும், வேறு சத்திரசிகிச்சைக்குப் போனாலும், வலைக்குழல் இருப்பதை முதலிற் கூறுதல் வேண்டும்.

விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர்க்கு ஒரு சொல். இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதாகக் கொள்ளின், பத்தாண்டுகளில் அஃது ஏறக்குறைய 38 கோடி முறை துடிக்கும். அத்தனை துடிப்புக்கும் ஒரு வலைக்குழல் ஒடியாது நிற்குமா என்பதை, விரைந்து இயங்கும் பொறிகளால் முன்கூட்டியே சோதித்த பின்னரே மனிதருக்குள் வைக்கின்றனர். அப்பொறியின் அருகே நின்று எண்களைக் குறிப்பவரை நோயாளர் அறியார். அவர் பெயர் எந்தச் சீட்டிலும் இராது. ஆயினும் அவர் ஒரு குறையைக் கண்டு, மறையாது எழுதி வைத்த நாளிலே எத்தனையோ குடும்பங்களின் துயரம் தவிர்க்கப்பட்டுவிட்டது. வகுப்பறைப் பரிசோதனையில், எதிர்பார்த்த விடை வரவில்லை என்பதற்காக எண்ணை மாற்றி எழுதும் வழக்கத்தை நம் மாணவர் இன்றே விடுவாராக. பிழைத்த எண்ணைப் பிழைத்தவாறே எழுதும் நேர்மை எங்கு உளதோ, அங்குதான் பிறர் இதயத்தை நம்பி ஒப்படைக்கத்தக்க கருவி பிறக்கும்.